ரத்தியக்கா தொட்ட காகிதம்

என் மகளுக்குக் காது குத்து வைத்திருந்தோம். முதல் அழைப்பிதழை எதிர்வீட்டு அக்காவிடம்தான் கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கியவர் அதில் என்ன அச்சடித்திருக்கிறது, என்றைக்கு விசேஷம் என்று எதையும் பார்க்கவில்லை. அழைப்பிதழின் ஒரு மூலையைக் கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து இரண்டு தேய்ப்புத் தேய்த்தார். விரலை மூக்கருகே கொண்டுபோனார்.

"நேந்திரங்கா சிப்ஸு. தேங்கா எண்ணெயில பொரிச்சது. ஒரே பைக்குள்ள சேத்துப் போட்டிருந்தியளோ மாஸ்டரு?"

மாட்டுங்காவில் அழைப்பிதழ் அச்சடித்து வாங்கிய கையோடு கால் கிலோ சிப்ஸும் வாங்கி, தாராவி வந்து சேருவதற்குள் நான் ஒருவனே தின்று தீர்த்திருந்தேன். வீட்டுக்காரிக்குக்கூடச் சொல்லவில்லை. அது அந்த நிமிஷமே சந்து முழுக்கத் தெரிந்துபோயிற்று. எங்கள் சந்தின் அகலம் அப்படி. அவர் வீட்டில் தாளிக்கும் கடுகு எங்கள் வீட்டில் வெடிப்பதுபோலக் கேட்கும்.

அவர் பெயர் எனக்குத் தெரியும். இங்கே சொல்லப்போவதில்லை. சொன்னாலும் சந்தில் பாதிப் பேருக்கு யாரென்று புரியாது. பழைய பேப்பருக்கு பம்பாயில் ரத்தி என்று பெயர். ரத்தி பிரிக்கிற கோடவுனில் இருபது வருஷத்துக்கு மேல் உட்கார்ந்து வேலை பார்த்ததால் அவர் சின்னவர் பெரியவர் எல்லாருக்கும் ரத்தியக்கா. திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். ஒல்லியான உடம்பு, பெரிய குரல். சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு நடந்து வந்தால் எதிரில் வருகிற கைவண்டிக்காரன் ஒதுங்குவான்.

அவர் வேலை என்னவென்று சொன்னால்தான் அவருடைய விரல்களைப் பற்றிப் புரியும். ஆபீஸ் பேப்பர், நோட்டுப் பேப்பர், பழுப்பு அட்டை என்று மலைபோல வந்து குவியும். வெள்ளையை ஒரு பக்கம், கலரை ஒரு பக்கம், அட்டையை ஒரு பக்கம் பிரிக்க வேண்டும். இதெல்லாம் கண் பார்த்துச் செய்கிற வேலை. ஆனால் எண்ணெய் பட்ட தாளை மட்டும் கையால்தான் கண்டுபிடிக்க வேண்டும். அந்தத் தாள் உள்ளே போனால் காகிதக் கூழ் கெட்டுப்போகும், மில்லில் இருந்து கட்டு முழுவதும் திரும்பி வரும், பிரித்தவருக்குத் திட்டு விழும். அதனால் அவருடைய விரல் ஒரு நாளைக்கு ஆயிரக்கணக்கான தாள்களைத் தடவிக்கொண்டே இருந்தது. தாராவி என்ன தின்றது, சயான் என்ன தின்றது, எதில் பொரித்துத் தின்றது என்று சாயங்காலம் அவரைக் கேட்டால் சொல்லிவிடுவார்.

கடலை எண்ணெய்க் கறை ஊறிப் பரவி, தாளைக் கண்ணாடி மாதிரி ஆக்கிவிடும் என்பார். நாலைந்து தடவை காய்ச்சின எண்ணெயாக இருந்தால் கறை பழுப்பாக இருக்கும், விரலில் பிசுபிசுக்கும். இதையெல்லாம் பாடம் சொல்வதுபோலச் சொல்ல மாட்டார். போகிற போக்கில் யார் கையிலாவது இருக்கும் பொட்டலத்தைப் பிடித்து இழுத்து, தடவிவிட்டு, ஒரு தீர்ப்பைச் சொல்லிவிட்டுப் போய்க்கொண்டே இருப்பார். பொட்டலம் வைத்திருந்தவர் முகம்தான் தொங்கிப்போகும்.

சந்து முனையில் வடாபாவ் போடுகிற மராட்டிக்காரர் ஒருவர் இருந்தார். அக்கா தினமும் வேலை முடிந்து வரும்போது அந்த வண்டியருகே நிற்பார். வடை வாங்க மாட்டார். மற்றவர்கள் வாங்கித் தின்றுவிட்டு வீசிய தாள் ஒன்றைக் குனிந்து எடுப்பார். தேய்ப்பார். அவ்வளவுதான். வியாபாரம் நடக்கிற நேரத்தில் ஒரு அம்மாள் இப்படி நின்று தாளை மோந்து பார்த்தால் எந்தக் கடைக்காரன் பொறுப்பான்? முதலில் அந்த மராட்டிக்காரர் சத்தம் போட்டார். பிறகு கெஞ்சினார். கடைசியில் அக்கா தூரத்தில் வரும்போதே, "மாவ்ஷி, ஆஜ் நயா தேல் ஹை" என்று சித்தி முறை வைத்துப் புது எண்ணெய் ஊற்றிய செய்தியை அவரே கூவத் தொடங்கிவிட்டார். அதைக் கேட்டுக் கூட்டம் சேர்ந்தது. ஒரு மாதத்தில் அவருக்கு இன்னொரு வாணலி வாங்க வேண்டி வந்தது.

இதை வைத்து அக்காவை எண்ணெய்க்கு எதிரி என்று நினைத்துவிடக் கூடாது. ஞாயிற்றுக்கிழமை காலையில் இட்லிப் பொடிக்கு நடுவில் குழி பறித்து நல்லெண்ணெய் ஊற்றி, விரலால் குழைத்து, அதைப் பார்த்துக்கொண்டிருக்கும் எங்களுக்கும் பசி எடுக்கும்படி சாப்பிடுவார். எண்ணெயே சேர்ப்பதில்லை என்று யாராவது பெருமையடித்தால் அவருக்குக் கோபம் வரும். எவ்வளவு என்று பார், எது என்று பார், அதை விட்டுவிட்டு எண்ணெயைப் பார்த்துப் பேயைப் பார்த்த மாதிரி ஓடாதே என்பார்.

அப்படி ஓடியவர்களில் முதல் ஆள் நான்.

காது குத்து முடிந்து சில வருஷம் கழித்து, நாற்பத்திரண்டாம் வயதில் எனக்கு நெஞ்சு அடைத்தது. நான் சட்டை தைக்கிற பட்டறையில் கட்டிங் மாஸ்டர். நூறு மடிப்புத் துணியை மேஜையில் விரித்து, நகராமல் இருக்க இரும்புக் கட்டிகளை மேலே வைத்து, மிஷினைப் பிடித்து வெட்டுகிறவன். அன்று மிஷின் கையில் இருக்கும்போதே வியர்த்துக் கொட்டியது. இடது தோளில் யாரோ ஏறி உட்கார்ந்த மாதிரி இருந்தது. பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்து, ஒரு ரத்தக்குழாயில் ஸ்பிரிங் வைத்தார்கள். இன்னொரு குழாயிலும் பாதி அடைப்பு இருப்பதாகச் சொன்னார் டாக்டர். அவர் மராட்டிக்காரப் பெண், சிறு வயது, நிற்க நேரமில்லாமல் ஓடிக்கொண்டே பேசுகிறவர். மாத்திரையை விடாமல் சாப்பிட்டு, எண்ணெயைக் குறைத்து, கொலஸ்ட்ராலை இறக்கினால் அந்தக் குழாயைத் தொடாமல் விட்டுவிடலாம், அதுவரை வேலைக்குப் போகாதே, மூன்று மாதம் கழித்து ரத்தம் கொடுத்துப் பார்ப்போம் என்றார்.

குறைப்பது எல்லாம் மனத்தைரியம் இல்லாதவன் வேலை என்று நான் ஒரேயடியாக நிறுத்தினேன். எனக்கு எதையும் பாதியாகச் செய்யத் தெரியாது. எங்கள் வீட்டில் கடுகு வறட்டு வாணலியில் வெடித்தது. வெங்காயம் தண்ணீரில் வெந்தது. கடலைச் சட்னி நின்றது. சாளை மீன் வாணலியில் நெய் விடுகிறது என்று அதையும் நிறுத்தினேன். வீட்டில் ஒரே ஒரு நல்லெண்ணெய்ப் பாட்டில், மகளுக்குத் தலையில் வைப்பதற்காக இருந்தது. என் வீட்டுக்காரி இரக்கப்பட்டு அதில் ஒரு சொட்டை எனக்குக் குழம்பில் விட்டுவிடக் கூடாதே என்று, துணியில் அளவு போடுகிற சாக்குக்கட்டியால் அந்தப் பாட்டிலில் எண்ணெய் நின்ற இடத்தில் கோடு போட்டு வைத்தேன். இதை எழுதும்போது வெட்கமாக இருக்கிறது. ஆனால் செய்தேன்.

அந்தச் சாப்பாட்டைத் தின்றால் ஒரு மணி நேரத்தில் பசிக்கும். அதற்குத்தான் காரி இருந்தது.

பம்பாயில் நோயாளியைப் பார்க்க யாரும் வெறுங்கையோடு போவதில்லை. பேக்கரியில் நின்று அரைக் கிலோ காரியும் ஒரு பாக்கெட் டோஸ்ட்டும், அதாவது நம்ம ஊர் ரஸ்க்கும், வாங்கிக்கொண்டுதான் போவார்கள். காரி என்றால் ஏடு ஏடாக மடிந்து, தொட்டால் உதிர்கிற உப்புப் பிஸ்கட். டீயில் முக்கினால் பஞ்சாகக் கரையும். காய்ந்தது, லேசானது, பல் இல்லாதவரும் தின்னலாம், நோயாளிக்கு இதைவிட நல்லது கிடையாது என்பது இங்கே எங்கள் ஆட்கள் எல்லாருக்கும் தெரிந்த விஷயம். கல்யாணில் இருந்து என் மச்சான் கொண்டுவந்தான். பட்டறை ஆட்கள் கொண்டுவந்தார்கள். கட்டிலுக்கு அடியில் இருந்த தகர டின் நிரம்பி, மேலே அடுக்கி, அதற்கும் மேலே அடுக்கினோம். எனக்கு அந்த அடுக்கைப் பார்க்கப் பெருமையாக இருக்கும். இத்தனை பேர் என்னை மதிக்கிறார்கள் அல்லவா? நாலு வேளை டீ, வேளைக்கு ஆறு காரி. மூன்று மாதம் ஒரு நாள் தவறவில்லை.

ரிப்போர்ட் வந்தது. கெட்ட கொலஸ்ட்ரால் இறங்கவில்லை, நல்ல கொலஸ்ட்ரால் முன்பு இருந்ததையும்விடக் குறைந்திருந்தது. டாக்டர் என்ன சாப்பிடுகிறாய் என்று கேட்டார். எண்ணெய் ஒரு சொட்டு இல்லை என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன். அவர் நம்பாத பார்வை ஒன்று பார்த்தார். இன்னும் மூன்று மாதம் தருகிறேன், அப்போதும் இதே கதை என்றால் இரண்டாவது குழாயில் கை வைக்க வேண்டியதுதான் என்றார். வெளியே கூட்டம் கதவைத் தள்ளிக்கொண்டிருந்தது. அதற்கு மேல் பேச அவருக்கு நேரமில்லை.

வீட்டுக்கு வந்தவன் நேராகப் பாட்டிலைத்தான் எடுத்தேன். என் கோபத்துக்கு ஒரு ஆள் வேண்டியிருந்தது. மகளுக்குத் தலையில் தேய்த்த அளவுக்குத்தான் எண்ணெய் இறங்கியிருந்தது, அது எனக்கே தெரியும். ஆனாலும் எனக்குத் தெரியாமல் குழம்பில் எண்ணெய் ஊற்றி என்னைக் கொல்லப் பார்க்கிறாய் என்று என் வீட்டுக்காரியைப் பார்த்துக் கத்தினேன். மூன்று மாதமாக எனக்காகத் தானும் வெந்த வெங்காயம் தின்று இளைத்துப் போனவள் அவள். அடுப்பருகில் உட்கார்ந்து சத்தம் வராமல் அழுதாள்.

எதிர்வாசலில் இருந்து ரத்தியக்கா எழுந்து வந்தார். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"கோடு போட்டது நீங்க. அவ புள்ளைக்குத் தேச்சதத் தவிர அதுல ஒரு சொட்டு கொறையல. பொறவு எதுக்கு அவ மேல பாயுதிய?" என்றார். பிறகு கட்டிலுக்கு அடியில் கை காட்டினார். "நாலு வேளையும் டீயில முக்கித் திங்கியளே, அதுக்கு எங்க கோடு போட்டிய?"

அது காய்ந்த பண்டம், ஆஸ்பத்திரிச் சாப்பாடு என்றேன். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். குப்பை பிரிக்கிற இடத்தில் டாக்டர் படிப்பும் சொல்லித் தருகிறார்களா என்றும் கேட்டேன். என் வீட்டுக்காரி அழுகையை நிறுத்திவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தாள். ஆனால் அக்காவுக்குக் கோபம் வந்ததாகத் தெரியவில்லை. பட்டறையில் துணி மேல் வைக்கிற இரும்புக் கட்டிகளில் நாலைந்து எடுத்துவர முடியுமா என்று மட்டும் கேட்டார்.

நான் வீம்புக்காகவே போய் ஐந்து கட்டிகளை எடுத்து வந்தேன். இந்த அம்மாளின் வாயை இன்றோடு அடைத்துவிட வேண்டும் என்பது என் கணக்கு. அதற்குள் அக்கா தன் வீட்டு வாசலில் ஐந்து வெள்ளைத் தாள்களை வரிசையாகப் போட்டிருந்தார். ஒன்றில் என் டின்னில் இருந்து எடுத்த காரி. ஒன்றில் டோஸ்ட். ஒன்றில் வறுத்த வேர்க்கடலை. ஒன்றில் பக்கத்து வீட்டில் வாங்கிய, எண்ணெய் ஊற்றிச் சுட்ட தோசைத் துண்டு. ஐந்தாவதில் பொரித்த சாளை. ஒவ்வொன்றையும் இன்னொரு தாளால் மூடி மேலே என் இரும்புக் கட்டியை வைத்து அழுத்தினார். எலிக்குப் பயந்து எல்லாவற்றின் மேலும் ஒரு பெரிய அண்டாவைக் கவிழ்த்தார். சந்தே கூடி நின்று பார்த்தது. ஜனவரி மாதம். பம்பாயில் குளிர் என்று ஒன்று இருப்பது ஞாபகம் வருகிற பத்து இருபது நாட்கள்.

மறுநாள் காலையில் அண்டாவை நிமிர்த்தினார். எனக்கு முன்னால் என் மகள் போய் உட்கார்ந்திருந்தாள்.

கடலை இருந்த தாளில் எண்ணெய் இருந்தது. சாளைத் தாள் நன்றாகவே ஊறியிருந்தது. தோசைத் தாளும் அப்படித்தான். நான் சிரித்தேன். பார்த்தீர்களா, எல்லாம் எண்ணெய் என்றேன். அக்கா காரியின் தாளை எடுத்து என் கையில் வைத்தார். உள்ளங்கை அகலத்துக்கு வெள்ளையாக ஏதோ படிந்திருந்தது. நகத்தால் சுரண்டினேன். மெழுகுவத்தியைச் சுரண்டினதுபோல நகக்கண்ணில் சுருண்டு வந்தது. டோஸ்ட் தாளிலும் அதே வெள்ளை, கொஞ்சம் சின்னதாக. தாள் நனைந்த மாதிரியே இல்லை. பூசின மாதிரி இருந்தது.

"கடலையில எண்ணெய் இல்லன்னு நான் சொல்லலியே. இருக்கு, ஆனா இளகி ஓடுது. இது பாத்தியளா, அப்படியே உக்காந்துட்டு. இது டால்டா. வேளைக்கு ஆறுன்னா ஒரு நாளைக்கு எம்புட்டு உள்ள போவுதுன்னு பாருங்க" என்றார்.

என் மகள் சாளைத் தாளைத் தொட்டுவிட்டு, இது ஏன் இந்தக் குளிரிலும் உறையவில்லை என்று கேட்டாள். பொரித்த எண்ணெயும் அதில் இருக்கிறது, ஆனால் மீனின் சொந்தக் கொழுப்பும் உறையாது என்றார் அக்கா. பனிக்காலத்துக் கடல் தண்ணீரிலும் அது நீந்த வேண்டாமா, உடம்பில் கொழுப்பு கட்டியாக உறைந்தால் மீன் எப்படி வாலை ஆட்டும் என்று திருப்பிக் கேட்டார். அதைக் கேட்டு மகள் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. மூன்று மாதமாக நான் தின்றது கண் முன்னால் டின் டின்னாக ஓடியது.

உங்களுக்கு இது எப்படித் தெரியும் என்று கேட்டேன். கேட்ட குரலில் இந்தத் தடவை கிண்டல் இல்லை.

அக்கா படியில் உட்கார்ந்தார். அவருடைய வீட்டுக்காரருக்கும் இதே நோய்தான், எனக்கு அது அதுவரை தெரியாது. நாற்பது நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தார். அக்கா கோடவுனில் வேலையை முடித்துவிட்டு, தினமும் பேக்கரியில் நின்று சூடாகக் காரி வாங்கி, பாலில் நனைத்து ஊட்டியிருக்கிறார். வேறு எதுவும் கொடுக்கப் பயம். அவர் போன பிறகு வந்த குளிர்காலத்தில் ஒரு நாள் காலை, குவியலில் இருந்து பேக்கரிப் பொட்டலத் தாள் ஒன்று கையில் வந்தது. அதே கடை. தாள் முழுக்க வெள்ளை. அதற்கு முன்னாலும் ஆயிரம் தடவை அப்படித் தாள் வந்திருக்கும், எண்ணெய்த் தாள் என்று தூக்கிப் போட்டிருப்பார். அன்றைக்குப் போட முடியவில்லை.

"அதுனாலதான் போனாவன்னு சொல்ல மாட்டேன். பீடி இருந்தது, இன்னும் என்னென்னவோ இருந்தது. ஆனா ஊட்டுனது என் கை. இந்தக் கையிதான் தாளைத் தொட்டா எண்ணெயச் சொல்லும்னு ஊரெல்லாம் பீத்திக்கிட்டது" என்றார்.

நான் அன்றைக்கு இரண்டு பேரிடம் மன்னிப்புக் கேட்டேன். அக்கா, சரி சரி என்று கையை ஆட்டிவிட்டார். என் வீட்டுக்காரியிடம் கேட்பதுதான் கஷ்டமாக இருந்தது. ஈரத்துணி எடுத்து அந்தப் பாட்டிலில் இருந்த கோட்டை அவள் பார்க்கும்படி துடைத்தேன். அன்றைக்குக் கடுகு எண்ணெயில் வெடித்தது. அந்தச் சத்தம் கேட்டு எனக்குக் கண் கலங்கிவிட்டது.

டின்னில் மிச்சம் இருந்த காரியைப் பட்டறை ஆட்களுக்குக் கொடுத்துவிடலாம் என்று நான் யோசனை சொன்னேன். அவனுக நெஞ்சு மட்டும் தகரத்துல செஞ்சதா என்று கேட்டுவிட்டு அக்கா அத்தனையையும் குப்பையில் கொட்டினார். அதன் பிறகு மூன்று மாதம் என்னைப் போலீஸ்காரர் மாதிரி காவல் காத்தார். ஆளுக்கு ஒரு நாளைக்கு மூன்று சின்ன ஸ்பூன் எண்ணெய், அளந்து. ஒரு கைப்பிடி வேர்க்கடலை, ஒரு கைப்பிடிதான். வாரத்தில் இரண்டு நாள் சாளை, பொரிக்காமல் குழம்பாக. சோறு குறைத்து, பயறும் கீரையும் கூட்டி. டீயோடு சுண்டல். நெய்யைப் பார்த்து நான் நடுங்கியபோது, நாள் விசேஷத்துக்கு அரை ஸ்பூன் விட்டுக்கொள்ளுங்கள், அதற்கென்று தினமும் ஊற்றாதீர்கள் என்றார். உறைகிறதெல்லாம் விஷம் என்று தான் சொல்லவில்லை என்பதையும் சேர்த்துச் சொன்னார். மாத்திரை சாப்பிட்டீர்களா என்று தினமும் காலையில் சந்து முழுக்கக் கேட்கும்படி கேட்பார். தெரு நாய்க்குக்கூட நான் எந்த வேளைக்கு எந்த மாத்திரை சாப்பிடுகிறேன் என்பது தெரிந்திருக்கும்.

ஒரு நாள் ஆசை தாங்காமல் ஸ்டேஷன் டீக்கடையில் இரண்டு காரி தின்றேன். திரும்பி வரும்போது அக்கா என் சட்டைப் பையில் இருந்து எட்டிப் பார்த்த பஸ் டிக்கெட்டை எடுத்துத் தேய்த்தார். தலையை மட்டும் ஆட்டினார். அதற்குப் பிறகு இன்று வரை நான் காரியைத் தொடவில்லை.

ரிப்போர்ட் வாங்கப் போகிற நாளில், தானும் வருவேன் என்று அக்கா அரை நாள் லீவு சொல்லிவிட்டு நின்றார். இஸ்திரி போட்ட நீலச் சேலை, தலையில் பூ. கல்யாணத்துக்குப் போகிற மாதிரி கிளம்பி வந்தார். இரண்டாவது குழாயில் கை வைத்தால் இன்னும் எத்தனை மாதம் துணி வெட்டுகிற மேஜை பக்கம் போக முடியாதோ, அல்லது போகவே முடியாதோ என்று யோசித்துக்கொண்டே பஸ்ஸில் நின்றேன்.

டாக்டர் ரிப்போர்ட்டைப் பார்த்தார். பழைய ரிப்போர்ட்டை எடுத்து அதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். பிறகு முதல் தடவையாக என் முகத்தை நன்றாக நிமிர்ந்து பார்த்தார். கெட்டது நன்றாக இறங்கியிருக்கிறது, நல்லது ஏறியிருக்கிறது, இந்தக் குழாயை இப்போது தொட வேண்டாம், நீ வேலைக்குப் போகலாம் என்றார். நான் நாற்காலியில் உட்கார்ந்தபடியே அழுதேன். அக்கா என் முதுகில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார். இருதய நோயாளி என்பதை மறந்துவிட்ட தட்டு.

மூன்று மாதத்தில் என்ன மாற்றினாய் என்று டாக்டர் கேட்டார். நான் அக்காவைக் காட்டினேன். அக்கா தயங்கவே இல்லை. ஜாக்கெட்டுக்குள் இருந்த சின்னப் பையில் மடித்து வைத்திருந்த, வீட்டுக்காரர் போன பிறகு கோடவுனில் கிடைத்த அந்தப் பழைய காரித் தாளை எடுத்து மேஜை மேல் விரித்தார். தனக்குத் தெரிந்த பம்பாய் ஹிந்தியில் முழுக் கதையையும் சொன்னார். டாக்டர் அந்தத் தாளைத் தொட்டுப் பார்த்தார். எண்ணெயைத் தொழிற்சாலையில் கட்டியாக்கும்போது உண்டாகிற ஒரு கொழுப்பு, கெட்டதை ஏற்றி நல்லதை இறக்கிவிடும், இவர் விஷயத்தில் அதுதான் நடந்திருக்கிறது என்றார். எல்லாக் கொழுப்பையும் தாள் காட்டிக்கொடுக்காது மாவ்ஷி, பாக்கெட்டில் அச்சடித்திருப்பதையும் யாரையாவது படிக்கச் சொல்லிக் கேளுங்கள் என்றும் சொன்னார். அக்கா அதை ஒப்புக்கொண்டார். அந்தத் தாளைத் திரும்பக் கேட்டு வாங்கிக்கொண்டார்.

"எனக்கு ஒரு ஆளுக்கு மூன்று நிமிஷம்தான் இருக்கிறது. எண்ணெயைக் குறை என்று சொல்லி அனுப்புகிறேன். எல்லாரும் டோஸ்ட் தின்கிறார்கள்" என்றார் டாக்டர் ஹிந்தியில். பிறகு கதவைக் காட்டினார். "வெளியே உட்கார்ந்திருக்கிறவர்களுக்கும் இதைச் சொல்லுங்களேன்."

வெளியே நீள பெஞ்சுகள். விடியற்காலையில் வந்து சீட்டு வாங்கி, தன் நம்பர் எப்போது வரும் என்று கதவையே பார்த்துக்கொண்டிருக்கிற கூட்டம். ஒரு நம்பர் முந்திப் போனால் சட்டையைப் பிடிக்கிற சனம். பாதிப் பேர் மடியில் பை, பையில் காரி, டோஸ்ட். அக்கா நடுவில் போய் நின்றார். முதல் பெஞ்சில் ஒரு பெண் தன் வீட்டுக்காரருக்குக் காரியை டீயில் நனைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். அக்கா அவளுக்கு முன்னால் தரையில் குத்தவைத்து உட்கார்ந்தார். அவளைக் கண்டிக்கவில்லை. நானும் என் வீட்டுக்காரருக்கு இப்படித்தான் ஊட்டினேன் என்று ஆரம்பித்தார். அவள் கையில் இருந்த பொட்டலத் தாளை மெதுவாக வாங்கி, அவளுடைய விரலைப் பிடித்து அதன் மேல் வைத்துத் தேய்க்கச் செய்தார்.

பின் பெஞ்சில் இருந்தவர்கள் எழுந்து வந்தார்கள். அப்படியானால் நோயாளிக்கு என்னதான் கொடுப்பது என்று யாரோ கேட்டார். உன் வீட்டில் நேற்று என்ன சமைத்தாய் என்று அக்கா திருப்பிக் கேட்டார். பருப்பு, மேத்திக் கீரை, பாங்டா மீன் என்று பதில் வந்தது. அதையே கொடு, எண்ணெயை ஸ்பூனில் அள, மாத்திரையை நிறுத்தாதே என்றார். மராட்டியில் ஒருவர் கேட்டார், உருதில் ஒருவர் கேட்டார், தமிழில் ஒரு கிழவர் கேட்டார். எல்லாருக்கும் அதே கலப்பு ஹிந்தியில், அந்தப் பெரிய குரலில் பதில் போயிற்று. தாள்கள் கை மாறின. ஆளாளுக்குத் தங்கள் பொட்டலத்தைத் தடவிப் பார்த்தார்கள், மோந்து பார்த்தார்கள். டாக்டர் கதவைத் திறந்துகொண்டு வந்து சுவரோடு சாய்ந்து நின்றார். நான் கூட்டத்துக்குப் பின்னால் நின்றிருந்தேன். என் உடம்பு முழுக்க அப்படி ஒரு சந்தோஷம்.

பியூன் வாசலில் வந்து அடுத்த நம்பரைக் கூப்பிட்டார். மூன்று தடவை கூப்பிட்டார். ஒருவரும் எழுந்திருக்கவில்லை.